ஜுரம் இறங்கிய பிறகு: ஒரு மீன்காரம்மாவின் செப்சிஸ்

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 7:10க்கு ஆட்டோவின் பின்சீட்டில், மகளின் தோளில் சாய்ந்தபடி அந்த அம்மா வந்து சேர்ந்தார். வயது 54. விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தெருமுனையில் கூடையோடு உட்கார்ந்து மீன் விற்பவர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். இறங்கியதும் மகள் சொன்ன முதல் வார்த்தை இது: "ஜுரம் நேத்தே இறங்கிடுச்சு மேடம். ஆனா அம்மா சரியில்ல."

வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். செப்சிஸ், அதாவது தொற்றுக்கு எதிராக உடம்பு கட்டுக்கடங்காமல் கிளம்பித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது, எங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் இந்த ஒரு கேஸை முழுதாக எழுதிவைக்க நினைத்ததற்குக் காரணம் மகள் சொன்ன அந்த வாக்கியம்தான். ஜுரம் இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். மூச்சு ஏறியதை யாரும் எண்ணவில்லை, எங்கள் ஆட்களையும் சேர்த்து. அந்த அம்மாவிடமும் மகளிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வருவதற்கு முந்தைய நான்கு நாட்கள்

புதன்கிழமை மதியம் வலது பக்க இடுப்புக்கு மேலே வலி ஆரம்பித்திருக்கிறது. சிறுநீர் போகும்போது எரிச்சல் அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே உண்டு. "சூடு" என்று இளநீர் குடித்துச் சமாளித்திருக்கிறார். அன்று ராத்திரி குளிர் நடுக்கம். இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிடுகிடுத்தது என்றார் மகள். இப்படி உடம்பையே உலுக்கும் நடுக்கம் சாதாரண சளி ஜுரத்தில் அவ்வளவாக வராது. கிருமி ரத்தத்தில் இறங்கும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்.

வியாழக்கிழமை மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை. அதில் பாராசிட்டமால், ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக். வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் என்று பிறகு தெரிந்தது. தண்ணீர் வற்றிய உடம்பில், ஏற்கெனவே தவிக்கும் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் அடி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கிளினிக்கில் ஊசி, கூடவே ரத்தப் பரிசோதனை. மழைக்காலம் என்பதால் எல்லோர் மனதிலும் டெங்குதான். டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. பிளேட்லெட் 1,30,000, கொஞ்சம் குறைவு. பக்கத்து வீட்டில் பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுத்தார்கள். சிறுநீரைப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. வடசென்னையில் மழைக்காலத்தில் பிளேட்லெட் குறைந்தால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று மனம் ஓடுவது நியாயம்தான். என் மனமும் முதலில் அங்கேதான் போகும். ஆனால் உடம்பில் எந்த மூலையிலிருந்து செப்சிஸ் கிளம்பினாலும் பிளேட்லெட் குறையும் என்பது அந்த ஓட்டத்தில் மறந்துபோகிறது.

சனிக்கிழமை ஜுரம் இறங்கியது. வியர்த்துக் கொட்டியது. வீடே நிம்மதியானது. அன்று மதியத்துக்குப் பிறகு அவர் சிறுநீர் போகவில்லை, சாப்பிடவில்லை. "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள்.

ராத்திரி 2 மணி வாக்கில் தானாகப் பேச ஆரம்பித்திருக்கிறார். வஞ்சிரம் இவ்வளவு, சங்கரா இவ்வளவு என்று இருட்டில் யாரிடமோ விலை சொல்லிக்கொண்டிருந்தாராம். காலை ஆறரைக்கு எதிர்வீட்டு ஆயா வந்து கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கை ஐஸ் மாதிரி. "இது ஜன்னிடி. ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு" என்று சொன்னது அந்த ஆயாதான்.

ஜன்னி என்ற வார்த்தையை இன்று மருத்துவமனையில் சொன்னால் படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்கிவிடுவார்கள். ஜுரக்காரர் பிதற்றுகிறார், கைகால் ஜில்லிட்டுவிட்டது, இனி வீட்டில் வைத்திருக்கக் கூடாது: இவ்வளவும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. நான்கு நாளில் இந்த நோயைச் சரியாகக் கண்டுபிடித்த முதல் ஆள் அந்த ஆயா என்பது என் கருத்து.

25 நிமிடம்

எங்கள் பதிவுச் சீட்டில் 7:10க்கு எழுதப்பட்டது இது: ஜுரம், பலவீனம், நாடித்துடிப்பு 128, மூச்சு 20. நடக்க முடியாமல் வந்தவர், ஆனால் தொட்டுப் பார்த்தால் இப்போது ஜுரம் இல்லை. ஓர் ஓரக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அந்த நேரம் விபத்து கேஸ் ஒன்று உள்ளே வந்ததால் எல்லோரும் அங்கே ஓடினோம்.

7:35க்கு அந்தக் கட்டிலைத் தாண்டிப் போனபோது அவருடைய தோள்பட்டை ஏறி இறங்குவது கண்ணில் பட்டது. நின்று, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 34.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது. சீட்டில் இருந்த 20 யாரோ எண்ணி எழுதியதல்ல. இது எங்கள் இடத்துக்கு மட்டும் உள்ள குறையும் அல்ல. நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் விரலில் மாட்டும் கிளிப் காட்டிவிடுகிறது, ரத்த அழுத்தத்தை மிஷின் காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும் மனுஷன் நின்று எண்ண வேண்டும். அதனால் கூட்ட நேரத்தில் பேனா தானாகவே 18 அல்லது 20 என்று எழுதிவிடும். ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அந்த நோயாளிகளில் யாருக்கு என்ன ஆனது என்று இன்றைக்கு நினைத்தாலும் மனது கனக்கிறது.

செப்சிஸில் மூச்சு ஏன் முதலில் ஏறுகிறது? செல்களில் எரிபொருள் சரியாக எரியாமல் ரத்தத்தில் அமிலம் சேருகிறது. கரியமில வாயுவை வேகமாக வெளியே தள்ளி உடம்பு அதைச் சமன்செய்யப் பார்க்கிறது. நுரையீரலின் மெல்லிய நாளங்கள் கசியத் தொடங்குவது இன்னொரு காரணம். ரத்த அழுத்தம் விழுவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சு ஏறிவிடுவதைப் பார்க்கலாம். அதை எண்ண ஒரு கடிகாரம் போதும்.

மற்றவற்றையும் பார்த்தோம். ரத்த அழுத்தம் 76/40, சராசரி 52. வெப்பம் 96.4 ஃபாரன்ஹீட். ஆக்சிஜன் 93 சதவீதம். பெயரைக் கூப்பிட்டால் கண் திறந்தார், பதில் குழறியது. சர்க்கரை 412. மீனும் ஐஸும் அளைந்து தடித்துப்போன விரல், அதில் நகத்தடியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. விரல் நுனியின் சதைப்பகுதியைப் பத்து விநாடி அழுத்திவிட்டு எடுத்தேன். ரத்தம் திரும்பி நிறம் வர ஆறு விநாடி ஆனது. மூன்றுக்குள் வர வேண்டும்.

ஜுரம் இறங்கியது மாத்திரையாலும் ஊசியாலும் மட்டுமல்ல. சூட்டை உண்டாக்கக்கூட உடம்பில் தெம்பு இல்லை. செப்சிஸில் ஜுரத்தோடு வருபவரைவிட உடம்பு ஜில்லிட்டு வருபவருக்கே ஆபத்து அதிகம். இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

பக்கத்தில் இன்னும் சில சந்தேகங்கள் நின்றன. சர்க்கரைக்காரர், அமிலம் கூடியிருக்கிறது, அப்படியென்றால் சர்க்கரை எகிறி ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரும் பிரச்சினையா? கீட்டோன் லேசாகத்தான் இருந்தது. வலியே தெரியாத மாரடைப்பா? ஈசிஜியில் வேகமான துடிப்பைத் தவிர வேறில்லை. எலிக்காய்ச்சலுக்கும் ரத்தம் அனுப்பினோம். ஆனால் வலது முதுகுப்பக்கம் லேசாகத் தட்டியதுமே அரைமயக்கத்திலும் அவர் முகம் சுளித்தார். மகளிடம் கேட்டபோதுதான் ஒரு வார எரிச்சல் வெளியே வந்தது. சிறுநீர் எடுக்கக் கத்தீட்டர் குழாய் போட்டோம். 40 மில்லி, கலங்கல், சீழ் போல.

7:50க்குள் இரண்டு இடத்திலிருந்து ரத்தம், கூடவே சிறுநீர், கிருமி வளர்ப்புக்குப் போயிற்று. 8:10க்கு மெரோபெனெம் முதல் டோஸ். செப்டிக் ஷாக், அதாவது செப்சிஸில் ரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் நிலை, என்று சந்தேகம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போய்விட வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, ரத்த அழுத்தம் விழுந்த பிறகு சரியான ஆன்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைவதாகக் கண்டது. அந்த எண் எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது என்று பின்னால் நிறைய விவாதம் நடந்தது. ஷாக்கில் இருப்பவருக்குத் தாமதம் கெடுதல் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. அந்த 25 நிமிடம் இன்னமும் உறுத்துகிறது.

மெரோபெனெம் போன்ற பெரிய மருந்தை எடுத்ததும் காரணத்தோடுதான். வெளியிலேயே ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் கேட்கவில்லை, சர்க்கரை நோய், ஷாக். நம் ஊரில் சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை கிருமி சாதாரண செஃபலோஸ்போரின் மருந்துகளை உடைக்கும் நொதியோடு வருவது இப்போது சகஜம். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் அதையே சொன்னது. சிப்ரோஃப்ளாக்சசினும் செஃபிக்சிமும் வேலை செய்யாத ஈ.கோலை.

உள்ளே என்ன நடந்தது

உறவினர்கள் இதை "ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு" என்று சொல்வார்கள். பாதி சரி. மீதிப் பாதிதான் முக்கியம். 2016இல் வந்த வரையறை செப்சிஸை இப்படிச் சொல்கிறது: தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை கட்டுக்கடங்காமல் போய், உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு உறுப்புகள் செயலிழப்பது. கிருமியைவிட அதற்கு உடம்பு கொடுக்கும் பதில்தான் அதிகம் கெடுக்கிறது.

ஈ.கோலையின் மேலுறையில் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் இருக்கிறது. நம் வெள்ளணுக்களின் மேல் அதை அடையாளம் காணும் ஓர் ஏற்பி உண்டு, டிஎல்ஆர்-4 என்று பெயர். இந்தத் தொடர்பை 1998இல் கண்டுபிடித்துக் காட்டிய புரூஸ் பியூட்லர் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிருமி ஓரிடத்தில் சிறிதளவு இருந்தால் இந்த ஏற்பி அங்கே மட்டும் ஆளைக் கூட்டி வேலையை முடித்துவிடும். அடைபட்ட சிறுநீரகத்திலிருந்து கிருமி நாள்கணக்கில் ரத்தத்துக்குள் தள்ளப்பட்டால், அழைப்பு உடம்பெங்கும் ஒரே நேரத்தில் போகிறது.

மகளுக்கு விளக்கியபோது தெருக் குழாயைத்தான் சொன்னேன். ஒரு தெருவில் எல்லா வீட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டுத்தான் வரும், இல்லையா? ரத்த நாளங்கள் எல்லாம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவின் தாக்கத்தில் தளர்ந்து அகன்றுவிடுகின்றன. ரத்தம் அதே அளவு இருந்தாலும் அழுத்தம் விழுகிறது. அதோடு குழாயே கசிகிறது. நாளங்களின் உட்பூச்சு சிதைந்து நீர் வெளியே ஒழுகி, நுரையீரலிலும் கைகாலிலும் தேங்குகிறது. மூன்றாவதாக, ரத்தம் உறையும் வேலை கண்ட இடத்தில் தொடங்கி, மெல்லிய நாளங்களை உறைந்த ரத்தத்தின் நுண்கட்டிகள் அடைக்கின்றன. அதற்கே பிளேட்லெட் செலவாகித் தீர்வதால் இன்னொரு பக்கம் ரத்தம் கசியும். ஒரே ஆளுக்கு அடைப்பும் கசிவும் ஒன்றாக.

நான்காவது ஒன்று உண்டு, அதை மகளிடம் சொல்லவில்லை. ரத்தம் போய்ச் சேர்ந்த செல்லிலும், எரிபொருளை எரிக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா தடுமாறுவதால், வந்த ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகிறது.

எங்கள் ரத்த அறிக்கை: செல்கள் திணறும்போது ஏறும் லாக்டேட் 6.1, இரண்டுக்குள் இருக்க வேண்டியது. ரத்தத்தின் பிஎச் 7.21, அமிலம் கூடியிருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 3.6. கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபின் 2.6. பிளேட்லெட், வெள்ளிக்கிழமை 1,30,000 இருந்தது, இப்போது 58,000. உறுப்புகளின் சேதத்தைக் கணக்கிடும் சோஃபா மதிப்பெண் அன்று 13. தொற்றோடு அது இரண்டு கூடினாலே செப்சிஸ்.

60 கிலோ எடை, கிலோவுக்கு 30 மில்லி கணக்கில் 1,800 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர், நரம்பு வழியாக. இந்த 30ஐ நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. 500, 500 ஆகக் கொடுத்து ஒவ்வொரு முறையும் விரல் நுனியை அழுத்திப் பார்த்து, நெஞ்சில் காது வைத்துக் கேட்டுத்தான் அடுத்தது. விரலை அழுத்திப் பார்க்கும் இந்தச் சின்னச் சோதனையைப் பார்த்து ஷாக்கைச் சமாளிப்பது லாக்டேட்டைத் துரத்துவதற்குக் குறைந்ததல்ல என்று 2019இல் தென் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. லேப் வசதி குறைந்த இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. இதனால் மட்டும் அழுத்தம் நிற்காது என்று முதல் லிட்டரிலேயே தெரிந்ததால், கழுத்தின் பெரிய நரம்பில் லைன் போடும்வரை காத்திராமல் கை நரம்பிலேயே, நாளங்களைச் சுருக்கி அழுத்தத்தைத் தூக்கும் நார்அட்ரினலின் தொடங்கினோம்.

அடைப்பு

மருந்தும் சலைனும் போய்க்கொண்டிருந்தாலும் வேர் உள்ளேயே இருந்தது. கட்டில் பக்கத்தில் வைத்தே ஸ்கேன் செய்ததில் வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. சிடி ஸ்கேனில் தெரிந்தது: வலது சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியில் 9 மில்லிமீட்டர் கல், அதற்கு மேலே தேங்கிய சீழ்.

மூடிய இடத்தில் தேங்கும் சீழை எந்த ஆன்டிபயாடிக்காலும் தனியாகக் கரைக்க முடியாது. திறந்துவிட வேண்டும். இரண்டு வழி உண்டு. முதுகு வழியாக ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்தே குழாய் வைப்பது, அல்லது கீழிருந்து உள்நோக்கிக் கருவி வழியாகக் கல்லைத் தாண்டி டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய உட்குழாய் வைப்பது. பிளேட்லெட் குறைவு, ரத்தம் உறையும் நேரமும் கூடியிருக்கிறது, முதுகில் குத்தினால் ரத்தம் நிற்காமல் போகலாம். சிறுநீரகவியல் மருத்துவர் யோசிக்கவே இல்லை. "கீழிருந்தே போறேன். கல்லை இன்னைக்குத் தொடமாட்டேன், வழி மட்டும் விடறேன்" என்றார். கல்லை அன்றே உடைக்கப் போயிருந்தால் இன்னும் கிருமியை ரத்தத்துக்குள் தள்ளியிருப்போம். மதியம் 1:20க்கு ஸ்டென்ட் கல்லைத் தாண்டியதும் பால் போல் சீழ் இறங்கியது. மானிட்டரில் அழுத்தம் உடனே ஏறிவிடவில்லை. இன்னும் விழும் என்று எனக்குத் தெரியும். மகளுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

கல் ஏன் வந்தது, கிருமி ஏன் தங்கியது என்று பிறகு கேட்டதில் கிடைத்த பதில் மருத்துவப் புத்தகத்தில் இல்லாதது. விடியற்காலை மூன்றரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்புவார். உட்காரும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. கூடையை விட்டுவிட்டுப் போகவும் ஆளில்லை. "அதனால அம்மா தண்ணியே குடிக்காது மேடம்" என்றார் மகள். பத்து மணி நேரம், வெயிலில், ஒரு டம்ளர் டீயோடு. இருபது வருடமாக. சர்க்கரை இருக்கும் உடம்பில், அடக்கிய சிறுநீரில் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? சர்க்கரை மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிடாததற்கும் இதே காரணம்தான், சாப்பிட்டால் அடிக்கடி போக வேண்டிவருமோ என்ற பயம். உண்மையில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாததுதான் அடிக்கடி போகவைக்கும். அதை ஒன்பது வருடத்தில் யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஐசியூவில்

அன்று ராத்திரி நுரையீரல் செயலிழந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை. கசிந்த நீர் காற்றறைகளை நிரப்பிவிட்டது. 11 மணிக்குக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். நார்அட்ரினலின் அளவு ஏறிக்கொண்டே போனதால், அழுத்தத்தைத் தூக்கும் இன்னொரு மருந்தான வாசோபிரெசினும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்தன.

எக்கோவில் இதயம் 35 சதவீதம்தான் பம்ப் செய்தது. மாரடைப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை. செப்சிஸ் இதயத் தசையையும் தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கும். பத்தாவது நாள் அதே இதயம் 58 சதவீதம் காட்டியது.

சிறுநீர் முதல் 12 மணி நேரத்தில் 100 மில்லிகூட இல்லை. நான்கு முறை மெதுவான டயாலிசிஸ். "கிட்னி போயிடுச்சா மேடம், இனிமே டயாலிசிஸ்தானா?" என்று மகள் தினமும் கேட்பார். செப்சிஸில் இறந்தவர்களின் உறுப்புகளைச் சோதித்த ஆய்வுகளில் வியப்பான ஒரு விஷயம் தெரிந்தது. உறுப்பு நின்றுபோயிருந்த அளவுக்கு அங்கே செல்கள் சாகவில்லை. வேலையை நிறுத்திவிட்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதனால்தான் சிறுநீரகம் மறுபடி வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. எட்டாவது நாள் 300 மில்லி வந்தது. அந்தப் பையைப் பார்த்து நைட் டியூட்டி சிஸ்டர் கைதட்டினார்.

பிளேட்லெட் 31,000 வரை போயிற்று. மூன்றாம் நாள் இரண்டு கால்களிலும் விரல் நுனிகள் நீலம் பாரித்து, பிறகு கறுத்தன. நுண்கட்டிகள் ஒரு காரணம். அழுத்தத்தை விழாமல் பிடித்து நிறுத்த நாங்கள் கொடுத்த மருந்தும் நுனி நாளங்களைச் சுருக்கும், அது இன்னொரு காரணம். உயிருக்காக விரலை அடமானம் வைக்கிறோம் என்று தெரிந்தே செய்யும் வேலை. ஒவ்வொரு ரவுண்டிலும் அந்தப் போர்வையை விலக்கிப் பார்க்க மனசு வராது.

ஐந்தாம் நாள் நார்அட்ரினலின் நின்றது. ஏழாம் நாள் வென்டிலேட்டரை எடுத்தோம். ஒன்பதாம் நாள் மறுபடி ஜுரம், கழுத்து லைனில் வேறொரு கிருமி. ஆரம்பத்தில் அளவுக்கு மீறி வேலை செய்த எதிர்ப்புச் சக்தி பிறகு சோர்ந்து படுத்துவிடும். முதல் அலையைத் தாண்டியவர்களை மருத்துவமனைக் கிருமி அடிப்பது அந்த நேரத்தில்தான். லைனை எடுத்தோம், மருந்தை மாற்றினோம், அடங்கியது.

மயக்கம் தெளிந்த பிறகும் ஒரு வாரம் தெளிவு வரவில்லை. ராத்திரியில் கட்டிலைச் சுற்றித் தண்ணீர் ஏறுவதாகப் பயந்து கத்துவார். ஸ்பூனைப் பிடிக்கத் தெம்பில்லை. 20 கிலோ கூடையைத் தலையில் ஏற்றிய கை அது. 23ஆம் நாள் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, நடந்து வெளியே போனார்.

2017ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்ததாகவும் 1.1 கோடிப் பேர் இறந்ததாகவும் 2020இல் வெளியான ஒரு பெரிய கணக்கீடு சொன்னது. அந்த வருட மரணங்களில் ஐந்தில் ஒன்று. அதே 2017இல்தான் உலகச் சுகாதார மாநாடு செப்சிஸை முன்னுரிமையாக எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. பிழைத்தவர்களைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் குறைவாகவே இருக்கிறது. நினைவும் உடல் வலுவும் வருடக்கணக்கில் குறைந்தே நிற்கலாம் என்று 2010இலேயே ஆய்வு காட்டியிருந்தும், டிஸ்சார்ஜ் சீட்டில் நாங்கள் எழுதுவது மாத்திரைப் பெயர்களை மட்டும்தான்.

வீட்டுக்குப் போன பிறகு

ஆறாவது வாரம் லேசரில் கல்லை உடைத்து எடுத்து, ஸ்டென்டையும் அகற்றினார்கள். ஸ்டென்ட் உள்ளே இருப்பதையே மறந்துவிட்டு வருடம் கழித்து, அதன்மேலும் கல் படிந்து வருபவர்கள் உண்டு. அதனால் மகளின் போனில் தேதியை நானே அலாரமாகப் போட்டுவிட்டிருந்தேன். இடது காலில் இரண்டு விரல் நுனிகள் தானாகக் காய்ந்து பிரிந்தன. வெட்ட அவசரப்படாமல் காத்திருந்தது நல்லதாயிற்று, மற்றவை பிழைத்தன. மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. பயந்துபோய் வந்தார். பெரிய நோய்க்குப் பிறகு இப்படி ஆகும், திரும்ப முளைக்கும் என்றேன்.

மூச்சு எண்ணுவதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழு ஒரு நிமிடம். ஜுரம் இருந்தாலும் சரி, இறங்கினாலும் சரி. 22ஐத் தாண்டினாலோ, பேச்சு குழறினாலோ, அரை நாள் சிறுநீர் போகாவிட்டாலோ நேராக இங்கே வந்துவிட வேண்டும். எங்கள் அவசரப் பிரிவிலும் இப்போது சீட்டில் மூச்சுக்குப் பக்கத்தில் எண்ணியவரின் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருக்கிறோம். எல்லா நாளும் நிரம்புகிறது என்று சொல்லமாட்டேன். ராத்திரி ஷிப்டில் இன்னும் சில 20கள் வருகின்றன.

நான்காம் மாத ரிவ்யூவுக்கு வந்தபோது கிரியேட்டினின் 1.4, மூன்று மாதச் சர்க்கரை 7.6. மறுபடி வியாபாரத்துக்கு உட்காருகிறார், காலையில் நான்கு மணி நேரம் மட்டும். பக்கத்துச் சந்தில் தெரிந்த வீட்டில் கழிப்பறைக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்த நேரம் கூடையை மகள் பார்த்துக்கொள்கிறார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினார், பாதி காலி.

"கணக்குத்தான் டாக்டரம்மா வரமாட்டேங்குது" என்றார். முன்பெல்லாம் நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் மனக்கணக்காகவே காசு கொடுத்தவர். இப்போது மகள்தான் வாங்கிக் கொடுக்கிறார். நான் ஒன்று கேட்டேன். சங்கரா ஒரு கூறு 180, ஐந்நூறு ரூபாய் நோட்டு கொடுக்கிறேன், மீதி எவ்வளவு? கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் மடியில் வைத்திருந்த கையில் விரலை மடக்கி மடக்கி எண்ணினார். "முந்நூத்தி இருபது."

சரிதான் என்றேன். அடுத்த தடவை வரும்போது விரல் விடாமல் சொல்கிறேன் என்றார். சித்திரையில் வரச் சொல்லித் தேதி எழுதிக் கொடுத்தேன்.